உச்சி வெயிலில் மட்டும் நின்றுபோன இன்வெர்ட்டர்

எங்கள் மொட்டை மாடியில் 5 கிலோவாட் சோலார் பொருத்தியதிலிருந்து ஒரே மனக்குறை. சோலார் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தெருக் கம்பிக்கும் அனுப்பும் இன்வெர்ட்டர் காலையில் நன்றாக ஓடும், வெயில் உச்சிக்கு வந்ததும் நின்றுவிடும். மின்னழுத்தம் அதிகம் என்று திரை காட்டும். தெருக் கம்பத்து மின்சாரம்தான் காரணம் என்று நான்கு மாதம் நம்பியிருந்தேன். பிறகு ஒரு நண்பகலில் இரண்டு முனைகளிலும் அளந்து பார்த்தேன். கீழே மீட்டர் பெட்டியில் 246 வோல்ட், மேலே இன்வெர்ட்டரில் 254. நம் விதிப்படி 230க்கு மேல் 10 சதவீதம், அதாவது 253ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர் தெரு மின்சாரத்திலிருந்து விலகிவிட வேண்டும்.

மின்சாரம் மாடியிலிருந்து கீழே இறங்கும்போது, வயர் தின்னும் வோல்ட்டையும் சேர்த்து இன்வெர்ட்டர்தான் மேலே ஏற்றித் தள்ள வேண்டியிருக்கிறது. முழு உற்பத்தியில் ஏறத்தாழ 22 ஆம்பியர். பொருத்தியவர் போட்டிருந்த 4 சதுர மி.மீ. செம்பு வயர் அதைத் தாங்கும். தாங்கும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் தூரம் 40 மீட்டர், தடை கிலோமீட்டருக்கு 5 ஓம் அளவில். முதலில் 40 மீட்டருக்கே கணக்குப் போட்டு, விடை பாதியாக வந்து குழம்பினேன். நியூட்ரலை, அதாவது மின்சாரம் திரும்பும் வயரை, மறந்திருந்தேன்! ஒற்றை ஃபேஸில் போன ஆம்பியர் அத்தனையும் நியூட்ரல் வழியாகத் திரும்பியாக வேண்டும். ஆகவே 80 மீட்டர், 0.4 ஓம், கிட்டத்தட்ட 9 வோல்ட்.

ஃபேஸை மட்டும் 10 சதுர மி.மீ. ஆக்கினால் செலவு பாதியாகுமே என்று தம்பி கேட்டான். கணக்கில் 6 வோல்ட் வந்தது. 246உடன் கூட்டினால் 252. அந்த விளிம்பில் நிற்க எனக்கு மனமில்லை. இரண்டையும் மாற்றினோம். ஏற்றம் மூன்றரை வோல்ட்டுக்குள் அடங்கிவிட்டது, அதன்பின் ஒருநாளும் நிற்கவில்லை.

*

ஐயா, உங்கள் நியூட்ரல் கதையைப் படித்தேன். எங்கள் அச்சகத்தில் மூன்று ஃபேஸ். ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று இன்வெர்ட்டர்கள். கேபிள் மூன்றரை கோர் அலுமினியம், அதாவது மூன்று ஃபேஸ் கம்பிகளும் சற்று மெல்லிய ஒரு நியூட்ரலும்: ஃபேஸ் 25, நியூட்ரல் 16 சதுர மி.மீ. மூன்றும் சமமாக ஓடினால் நியூட்ரலில் ஒன்றும் வராது என்றார்கள், உண்மைதான். ஒன்று பழுதாகிக் கழற்றிய வாரத்தில் நியூட்ரலில், வயரைச் சுற்றி மாட்டி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்தேன். 20 ஆம்பியர்! மீதி இரண்டில் ஒன்று தரும் அளவு அப்படியே அதில் ஓடியது. அதைக்கூட அந்தக் கேபிள் தாங்கியது. தாங்காதது இணைப்பு. அலுமினியத்தை நேரே பித்தளை முனையில் முடுக்கியிருந்தார்கள். கருகி, ஒரு மாலை நியூட்ரல் விட்டுப்போனது. நியூட்ரல் இல்லாததால் சுமை குறைந்த ஃபேஸில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி இரண்டு கணினிகள் எரிந்தன. இப்போது அலுமினியத்தையும் செம்பையும் சேர்த்துச் செய்த பைமெட்டல் லக் என்ற முனை போட்டிருக்கிறோம். ஆண்டுக்கொரு முறை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முடுக்கிப் பார்க்கிறேன்.

*

நானும் ஒரு வாசகன். எங்கள் வீட்டில் இன்னும் மோசம். புதிய நியூட்ரல் இழுக்காமல், மாடி விளக்குக்குப் போகும் 1.5 சதுர மி.மீ. நியூட்ரலிலேயே சோலாரைக் கோத்துவிட்டார்கள். ஃபேஸில் 32 ஆம்பியர் பிரேக்கர் இருந்தது. அந்தப் பிரேக்கரால் இந்த மெல்லிய நியூட்ரல் வயரைக் காக்க முடியவில்லை. சுவிட்ச் பெட்டியைத் திறந்தபோது கறுப்பு உறை பழுப்பாகி, தொட்டவுடன் உதிர்ந்தது. அன்றே சோலாரை அணைத்து, மீட்டர் பெட்டிவரை தனி நியூட்ரல் இழுக்கச் சொன்னேன்.