மெக்ஸிகோ கடற்கரையில் ஐந்து மாதக் குளிர்காலம்: பழைய டிரெய்லரை வாங்கலாமா, வாடகைக்குப் போகலாமா?

வடமேற்கு_வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் வான்கூவர் பக்கம் இருக்கிறோம். நான் ஓய்வு பெற்றாகிவிட்டது, மனைவிக்கு இந்த ஜூனோடு வேலை முடிகிறது. நவம்பர் தொடங்கினால் மார்ச் வரை இங்கே மழையும் இருட்டும்தான், அவளுக்கு மூட்டுவலி அந்த மாதங்களில் ரொம்பப் படுத்துகிறது. அதனால் குளிர்காலத்தை மெக்ஸிகோவில் கழிக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

மெக்ஸிகோவின் வடமேற்கில் இருக்கும் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில், சான் ஃபெலிபே ஊருக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கும் ஒரு டிரெய்லர் குடியிருப்பில் ஒருவர் தன் டிரெய்லரை (காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு) விற்கிறார். மேலே தனியாகக் கூரை, முன்னால் சிமெண்ட் தளம், பக்கத்தில் சாமான் வைக்க ஒரு சின்ன அறை, எல்லாம் சேர்த்து 18,000 அமெரிக்க டாலர் கேட்கிறார். மனைக்கு வருட வாடகை தனியாகக் கட்ட வேண்டும். படத்தில் பார்த்தால் வாசலிலிருந்து இறங்கினால் மணல்தான், மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

எனக்குக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. நிலம் நமக்குச் சொந்தமில்லாத இடத்தில் இவ்வளவு பணம் போடுவது சரியா? நான் கனடா குடிமகன், மனைவி இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான், கனடாவில் நிரந்தர வசிப்புரிமை இருக்கிறது, அவளுக்கு விசா வேண்டுமா? எனக்குச் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை ஓடுகிறது, அவசரம் என்றால் என்ன செய்வது? அப்புறம் தண்ணீர், சமையல், அக்கம்பக்கம் எல்லாம் எப்படி இருக்கும்? அங்கே குளிர்காலம் கழித்தவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கடலோரக்_கூரை எழுதியது:

தம்பி, நானும் என் வீட்டுக்காரரும் வருடாவருடம் சான் ஃபெலிபே போகிறவர்கள்தான். முதலில் நிலத்தைப் பற்றிப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

மெக்ஸிகோவின் அரசியல் சாசனப்படி கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் வெளிநாட்டவர் தன் பெயரில் நேரடியாக நிலம் வாங்க முடியாது. வாங்குகிறவர்கள் ஒரு வங்கியைப் பொறுப்பாளராக வைத்து, 50 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் அறக்கட்டளை முறையில் வாங்குகிறார்கள். டிரெய்லர் குடியிருப்புகளில் பெரும்பாலும் அதுகூடக் கிடையாது, வெறும் குத்தகைதான். கூரை, தளம், அறை என்று நீங்கள் காசு கொடுக்கிற எதையும் கழற்றி எடுத்துக்கொண்டு வர முடியாது, சக்கரம் துருப்பிடித்துப் போயிருந்தால் டிரெய்லரையும் சேர்த்துத்தான். அதாவது நிலத்துக்காரர் மனது வைக்கிறவரைதான் அந்த 18,000-க்கு மதிப்பு.

எனசெனாடாவுக்குப் பக்கத்தில் புந்தா பாந்தா என்று ஓர் இடம். அங்கே குத்தகை நிலத்தில் அமெரிக்கர்கள் நல்ல நல்ல வீடாகவே கட்டிக் குடியிருந்தார்கள். குத்தகைக்குக் கொடுத்தவர்களுக்கு அந்த நிலத்தில் உரிமையே இல்லை, உரிமையாளர்கள் வேறு என்று வழக்கில் தீர்ப்பானது, 2000-இல் பலரைக் காலி செய்ய வைத்தார்கள். குடியிருந்தவர்கள் வாடகை பாக்கி வைத்தவர்கள் இல்லை, ஒழுங்காகக் கட்டியவர்கள்தான். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, சான் ஃபெலிபேயில் பல காலமாக எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கிற குடியிருப்புகள் எனக்கே தெரியும். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும்.

நிலம் தனியார் பட்டாவா, எஹீதோ நிலமா என்று முதலில் கேளுங்கள். எஹீதோ என்றால் கிராமத்து விவசாயிகளுக்குக் கூட்டாகக் கொடுத்த நிலம், அதில் ஒருவர் கையெழுத்து போட்டால் போதுமா, அந்த விவசாயிகள் சபையின் ஒப்புதல் வேண்டுமா என்பது பெரிய கேள்வி. கடல் ஏறுகிற எல்லையிலிருந்து 20 மீட்டர் அகலத்துக்கு உள்ள பட்டை மத்திய அரசுடையது, அதை யாரும் விற்க முடியாது, பயன்படுத்த அரசிடம் உரிமம் வாங்க வேண்டும். வாசலில் இறங்கினால் மணல் என்று சொன்னீர்களே, அந்தச் சிமெண்ட் தளம் இந்தப் பட்டைக்குள் வருகிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். குத்தகைப் பத்திரம் ஸ்பானிஷில் இருப்பதுதான் செல்லும், ஆங்கிலப் பிரதி சும்மா படித்துப் பார்க்கத்தான். அதை ஒரு நொத்தாரியோவிடம் கொண்டுபோங்கள், அங்கே நொத்தாரியோ என்பவர் முத்திரை குத்திக் கொடுக்கிற ஆள் இல்லை, பதிவு அலுவலகத்தில் நிலத்தின் வரலாற்றையே எடுத்துப் பார்க்கிற மூத்த வழக்கறிஞர்.

அப்புறம் டிரெய்லர். உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. கதவுக்கு உள்பக்கம், கழிவறை முன்னால், கட்டிலுக்கு அடியில், இந்த மூன்று இடத்திலும் தரையைக் குதிகாலால் நன்றாக அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் அடியில் பலகை உளுத்துவிட்டது. ஜன்னல் மூலையில் சுவர் உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எரிவாயுக் குழாயின் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிச் சோதிக்காமல் அடுப்பைப் பற்றவைக்கவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், இந்த முதல் குளிர்காலம் அதே ஊரில் வாடகைக்கு இருங்கள். விற்கிற டிரெய்லர் அடுத்த வருடமும் இருக்கும், இது இல்லாவிட்டால் இன்னொன்று இருக்கும்.

---

எல்லைச்_சாவடி எழுதியது:

விசா விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். கனடாவின் நிரந்தர வசிப்புரிமை அட்டை இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு மெக்ஸிகோ விசா தேவையில்லை, அட்டையும் பாஸ்போர்ட்டும் காலாவதி ஆகாமல் இருந்தால் போதும். ஆனால் நீங்கள் வண்டியில் போகிறீர்கள் அல்லவா? நடுவில் முழு அமெரிக்காவையும் கடக்க வேண்டும், அதற்கு உங்கள் மனைவிக்கு அமெரிக்க விசா கட்டாயம் வேண்டும். நேர்காணலுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் இன்றைக்கே தேடத் தொடங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் அவர் விமானத்தில் நேராக மெக்ஸிகோ வந்து இறங்க, நீங்கள் மட்டும் ஓட்டிப் போகலாம்.

மெக்ஸிகாலியில் எல்லை தாண்டும்போது உங்களை யாரும் நிறுத்திப் பாஸ்போர்ட் கேட்காமலேயே போகச் சொல்லிவிடலாம். அப்படியே போய்விடாதீர்கள். வண்டியை ஓரமாக நிறுத்திக் குடிவரவு அலுவலகத்துக்கு நீங்களாகவே உள்ளே போய்ச் சுற்றுலா அனுமதிப் படிவம் வாங்கி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். 7 நாளுக்கு மேல் தங்கினால் கட்டணம் உண்டு, 2025-இல் அது ஆளுக்கு 860 பெசோ அளவில் இருந்தது. அதிகபட்சம் 180 நாள், ஆனால் எத்தனை நாள் என்று எழுதுவது அந்த அதிகாரிதான், 180-ஐ அவராகத் தரவேண்டும் என்று சட்டம் இல்லை. மார்ச் கடைசி வரை இருக்கப் போகிறோம் என்று மரியாதையாகச் சொல்லி, அவர் எழுதியதை அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.

வாகனத்துக்குப் பாஹா தீபகற்பம் முழுக்கத் தற்காலிக இறக்குமதி அனுமதி தேவையில்லை. ஆனால் உங்கள் கனடா வண்டிக் காப்பீடு அங்கே செல்லாது, மெக்ஸிகோ நிறுவனத்தின் காப்பீடு தனியாக எடுத்தே ஆக வேண்டும். விபத்து நடந்து காப்பீடு இல்லை என்றால் இழப்பீட்டுக்கு வழி தெரியும் வரை ஓட்டியவரைப் பிடித்து வைக்கலாம்.

வழியில் ராணுவச் சோதனைச் சாவடிகள் வரும். சின்னப் பையன்களாகத்தான் இருப்பார்கள், எங்கிருந்து எங்கே என்று கேட்டுவிட்டு வண்டிக்குள் ஏறிப் பார்ப்பார்கள், பதறவேண்டாம். துப்பாக்கி மட்டுமில்லை, பழைய வேட்டைப் பையின் ஓரத்தில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் சிறைதான், அதனால் யாரிடமாவது வாங்கிய பழைய வண்டி என்றால் மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிடுங்கள். இரவில் ஓட்டாதீர்கள், சாலையில் மாடு நிற்கும், பல இடங்களில் ஒதுங்க ஓரமே கிடையாது.

---

நயாரித்_நண்டு எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். மூட்டுவலிக்காகப் போகிறீர்கள் என்றால் சான் ஃபெலிபே சரியான ஊரா என்று யோசியுங்கள். ஜனவரியில் பகல் 20 டிகிரி என்றாலும் இரவில் 10-க்குக் கீழே இறங்கும், வடக்கிலிருந்து காற்று அடிக்கத் தொடங்கினால் இரண்டு மூன்று நாள் விடாமல் அடிக்கும், மணல் கதவிடுக்கு வழியாகப் படுக்கை வரை வந்துவிடும். அந்த மாதங்களில் கடலில் குளிக்கவும் முடியாது, தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சி.

நாங்கள் நயாரித் மாநிலத்தில் லா பென்யித்தா, ரின்கோன் தெ குவயாபிதோஸ் பக்கம் போகிறோம். அங்கே அதே ஜனவரியில் பகலில் 27, 28 டிகிரி இருக்கும், ராத்திரி ஒரு மெல்லிய போர்வை போதும். காலையில் கடலில் இறங்கி நடக்கலாம், என் மனைவியின் முழங்கால் டிசம்பரிலேயே தேறிவிடும்.

ஆனால் அதற்கு வேறு விலை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. தூரம் அதிகம், சினலோவா மாநிலத்தைக் கடக்க வேண்டும், அங்கே 2024 செப்டம்பரிலிருந்து குலியாகான் சுற்றுவட்டாரத்தில் கும்பல் சண்டை நடப்பதால் எங்களோடு வழக்கமாக வருகிறவர்களில் சிலர் இப்போது வண்டியை விட்டுவிட்டு விமானத்தில் வருகிறார்கள். பெருநிலப் பகுதி என்பதால் வண்டிக்கு இறக்குமதி அனுமதி வேண்டும், 2007-இலோ அதற்குப் பிறகோ தயாரான காருக்கு 400 டாலர் முன்பணம் கட்ட வேண்டும், குறித்த நாளுக்குள் திரும்பி வந்து ரத்து செய்யாவிட்டால் அது போச்சு. அதோடு, அங்கே நிற்கிற வெளிநாட்டு டிரெய்லரை வாங்க நினைத்தால் அனுமதி பழைய ஆள் பெயரில் இருக்கும், அதை ரத்து செய்ய எல்லை வரை இழுத்துப் போக வேண்டிய நிலை வரும்.

---

கடலோரக்_கூரை எழுதியது:

காற்றைப் பற்றி நண்பர் சொல்வது உண்மைதான், அதனால்தான் வாடகைக்கு இருந்து பார்க்கச் சொன்னேன். வெயில் இன்னும் வேண்டும் என்றால் பாஹாவிலேயே தெற்கே இறங்கலாம், மூலெஹேயைத் தாண்டிக் கோன்செப்சியோன் விரிகுடா. ஆனால் அங்கே பல கடற்கரைகளில் மின் இணைப்பும் கிடையாது, குழாய்த் தண்ணீரும் கிடையாது, சூரியத் தகடும் சொந்தத் தண்ணீர்த் தொட்டியும் இருந்தால்தான் சமாளிக்க முடியும்.

சான் ஃபெலிபேயில் பார்க்க வேண்டியது கடல் உள்வாங்குவது. கலிஃபோர்னியா வளைகுடாவின் வடக்கு முனைப் பகுதி என்பதால் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் 6 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும் நாட்கள் உண்டு, காலையில் வாசலில் இருந்த கடல் மத்தியானம் எங்கோ தொலைவில் வெள்ளிக் கோடாகத் தெரியும், நடுவில் ஈர மணல்தான். எல்லாரும் வாளியோடு மட்டி பொறுக்கப் போவார்கள். கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பார்க்காமல் வண்டியை அந்த மணலில் இறக்கிவிடாதீர்கள்.

சமையலுக்குக் கவலையே வேண்டாம். கொத்தமல்லி, பச்சை மிளகாய், புளி, தேங்காய், தக்காளி எல்லாம் சந்தையிலேயே இருக்கிறது. உளுந்து, கறிவேப்பிலைப் பொடி, சாம்பார்ப் பொடி மட்டும் கொண்டு போங்கள். மீன்காரர்கள் படகு கரையேறும்போதே விற்பார்கள், சியெர்ரா என்று கேட்டு வாங்குங்கள், நம் வஞ்சிரத்தின் நெருங்கிய சொந்தம், குழம்பில் போட்டால் உங்களுக்கே தெரியும். குடிக்க 20 லிட்டர் கேன், குளிக்க லாரித் தண்ணீர்.

அக்கம்பக்கம் பற்றிக் கேட்டீர்கள். சாயங்காலம் ஆனால் எல்லாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒருவர் கூரைக்குக் கீழே கூடிவிடுவார்கள், உங்களையும் கூப்பிடுவார்கள். கொஞ்சம் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு போங்கள் தம்பி. காவல் பார்க்கிறவர், தண்ணீர் லாரிக்காரர், காய்கறிக்கடைப் பெண், இவர்கள் வாழ்கிற ஊர் அது, பெயர் சொல்லி நலம் விசாரிக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே வாழ்க்கை வேறு மாதிரி இருக்கும்.

---

மருந்துப்_பெட்டி எழுதியது:

நான் செவிலியராக வேலை பார்த்தவள், மருத்துவத்தை மட்டும் சொல்கிறேன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் காலண்டர் வருடத்துக்கு மொத்தம் 7 மாதம் வரை விடுமுறையாக வெளியே இருக்கலாம், அதனால் ஐந்து மாதத்தில் உங்கள் மாகாண மருத்துவத் திட்டம் போய்விடாது. ஆனால் வெளிநாட்டு மருத்துவமனையில் படுத்தால் அந்தத் திட்டம் தருவது நாளுக்கு 75 கனடா டாலர்தான். பயண மருத்துவக் காப்பீடு இல்லாமல் கிளம்பவே கூடாது.

அந்தக் காப்பீட்டில் ஒரு விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குச் செல்ல வேண்டுமானால், கிளம்புவதற்கு முன் குறிப்பிட்ட காலத்துக்கு நோய் நிலையாக இருந்திருக்க வேண்டும் என்பார்கள், பல திட்டங்களில் 90 நாள் அல்லது 180 நாள். அந்தக் காலத்தில் சர்க்கரை மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தாலும் குறைத்திருந்தாலும் அதையே காரணம் காட்டி மறுக்கலாம். அதனால் மருத்துவரைக் கோடையிலேயே பாருங்கள், மாற்ற வேண்டியதை அப்போதே மாற்றிவிடுங்கள்.

மாத்திரைகளை அதனதன் ஒரிஜினல் டப்பாவிலேயே, மருத்துவர் சீட்டோடு கொண்டு போங்கள். சளிக்கு வாங்கும் மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறதா பாருங்கள், அது மெக்ஸிகோவில் தடை. ஊரில் சின்ன வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம், பெரிய மருத்துவமனைக்கு 200 கிலோமீட்டர் வடக்கே மெக்ஸிகாலி போக வேண்டும். நெஞ்சுவலி என்றால் அந்தத் தூரம் தூரம்தான், அதை இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

---

வடமேற்கு_வாசி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அமெரிக்க விசா விஷயம் எங்கள் மண்டையில் ஏறவே இல்லை, இன்றைக்கு விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டோம். விற்கிறவருக்கு எழுதி, நிலம் எஹீதோவா என்று கேட்டேன். “இங்கே எல்லாரும் பல வருடமாக இருக்கிறார்கள், பிரச்சினை வந்ததில்லை” என்று மட்டும் பதில் வந்திருக்கிறது. பத்திரப் பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கடலோரக்_கூரை அக்கா, ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதத்துக்கு மட்டும் அங்கே வாடகைக்கு இடம் பிடிக்க எப்போது கேட்கத் தொடங்க வேண்டும்?

---

கடலோரக்_கூரை எழுதியது:

செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள். கடல் பார்த்த முதல் வரிசை முன்னாடியே போய்விடும், இரண்டாவது வரிசை கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், காற்றுக்கு அதுதான் நல்லது. பத்திரம் வராமல் முன்பணம் என்று ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.