இந்த வருஷம் வாங்கிய ராக், மெட்டல் ஆல்பங்கள்: எந்தப் பதிப்பு தேறும், எது தேறாது?

ஊசிமுனை:

இந்த வருஷம் வாங்கியதில் பிடித்ததைப் போடுங்கள். ஒரே வேண்டுகோள்: ஆல்பம் பெயரோடு நிறுத்தாமல் எந்த ஆண்டுப் பதிப்பு, சிடியா எல்பியா (வினைல் தட்டு), ரீமாஸ்டரா ரீமிக்ஸா என்பதையும் எழுதுங்கள். ஒரே அட்டைப்படத்துக்குள் இரண்டு வேறு ஆல்பம் ஒளிந்திருக்கும் உலகம் இது.

முதல் போணி ஓஸி ஆஸ்போர்ன். 'பிளிசார்ட் ஆஃப் ஓஸ்' (1980), 'டைரி ஆஃப் எ மேட்மேன்' (1981), இரண்டும் 2011-ல் வந்த பதிப்பு. ஆண்டைக் குறிப்பிடக் காரணம் உண்டு. 2002-ல் வந்த சிடிகளில் பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் அசல் கிடையாது. அசலில் வாசித்த பாப் டெய்ஸ்லியும் லீ கெர்ஸ்லேக்கும் ராயல்டி கேட்டு வழக்குப் போட்டிருந்த நேரம் அது. அவர்கள் வாசித்ததைத் தூக்கிவிட்டு ராபர்ட் ட்ருஹியோ, மைக் போர்டின் இருவரையும் வைத்து மறுபடி பதிவு செய்தார்கள். போர்டின் சாதாரண ஆள் இல்லை. ஆனால் அசல் கிட்டாரிஸ்ட் ராண்டி ரோட்ஸ் தன் கிட்டாரைப் பூட்டியது கெர்ஸ்லேக்கின் அடியோடு. இருபது வருஷம் கழித்து வேறொருவர் அடியை அதன்மேல் ஒட்டினால் இடுக்கு தெரியத்தான் செய்யும். 2011 பதிப்பில் பழைய வாசிப்பு திரும்பி வந்துவிட்டது. 1995 ரீமாஸ்டரிலும் அசல்தான். ஆகவே பழைய சிடிக் கடையில் 2002 என்ற ஆண்டைப் பார்த்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

அட்டையில் உள்ள பெயர்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 'டைரி'யின் அசல் அட்டையே வாசிக்காத ரூடி சார்சோ, டாமி ஆல்ட்ரிட்ஜ் பெயரைத்தான் போட்டிருக்கிறது!

கடைசித்தடம்:

இதே கதை மெகாடெத்திலும் இருக்கு. 'ரஸ்ட் இன் பீஸ்' (1990) வாங்குறவங்க பாட்டு எண்ணிக்கையைப் பாருங்க. 9 பாட்டு இருந்தா அசல். 'மை கிரியேஷன்', மூணு டெமோ எல்லாம் சேர்ந்து 13 பாட்டு இருந்தா அது 2004 பதிப்பு. அது வெறும் ரீமாஸ்டர் இல்லை, ரீமிக்ஸ். பழைய குரல் தடங்கள் சிலது காணாமப் போனதால பாடகர் டேவ் மஸ்டெய்ன் சில பாட்டுகள்ல மறுபடி பாடியிருக்கார். 2004 குரல் 1990 குரல் இல்லைங்கிறது 'ஃபைவ் மேஜிக்ஸ்' கேட்டாலே தெரியும்.

புதுசா வாங்குறவங்களுக்கு வித்தியாசம் புரியணும்னா: தனித்தனியாப் பதிவு பண்ணின இருபத்திச் சொச்சம் தடங்களை ஒண்ணாக் கலந்து ரெண்டு சேனலுக்குக் கொண்டு வர்றது மிக்ஸ். அந்த ரெண்டு சேனலை எடுத்து மொத்தமா ஒலியளவு, பாஸ், ட்ரெபிள் சரி பண்றது மாஸ்டரிங். அதனால ரீமாஸ்டர் எதையும் புதுசா முளைக்க வைக்காது. மெட்டாலிகாவோட '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' (1988) பாஸ் கேக்கலைன்னு ஊரே புலம்புது. 2018 ரீமாஸ்டர் வாங்கினா பாஸ் வந்துடும்னு யாரும் காசைப் போடாதீங்க. பாஸ் கிட்டாரிஸ்ட் ஜேசன் நியூஸ்டெட் வாசிச்சது மிக்ஸ்லயே அமுங்கிப் போச்சு, மாஸ்டரிங்ல பாஸைக் கூட்டினா கிட்டாரோட அடிப்பகுதியும் கிக் டிரம்மும் சேர்ந்துதான் உப்பும்.

எல்லா ரீமிக்ஸும் மோசம்னு இல்லை. டெத் இசைக்குழுவோட 'ஹியூமன்' (1991), ரிலாப்ஸ் கம்பெனி 2011-ல போட்ட ஜிம் மோரிஸ் ரீமிக்ஸ் இந்த வருஷம் கைக்கு வந்ததுல நல்ல சரக்கு. ஸ்டீவ் டிஜியார்ஜியோவோட பாஸ் கடைசியா வெளியே வந்திருக்கு. ரஷ்ஷோட 'வேப்பர் டிரெயில்ஸ்' (2002) அசல் சிடி காதுக்குத் தண்டனை. 2013-ல டேவிட் பாட்ரில் பண்ணின ரீமிக்ஸ் மட்டும் வாங்குங்க.

மெழுகுத்தட்டு:

எல்பி வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிஷம் என்பதை. ராக், மெட்டலுக்கு 33⅓ வேகத்தில் (நிமிஷத்துக்கு அத்தனை சுற்று) 18 முதல் 22 நிமிஷம் வரை சுகம். அதற்கு மேல் போனால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கினால் பாஸைக் குறைக்க வேண்டும், மொத்த ஒலியளவையும் இறக்க வேண்டும். ஒலியளவு இறங்கினால் தட்டின் சொந்த இரைச்சல் மேலே வரும்.

ஸ்லேயரின் 'ரெயின் இன் பிளட்' (1986) மொத்தமே 29 நிமிஷத்துக்குள். பக்கத்துக்குப் பதினாலரை நிமிஷம். எந்தப் பதிப்பை எடுத்தாலும் பெரிதாகச் சொதப்ப வழியில்லை.

அதே வருஷம் வந்த மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' அப்படியில்லை. ஏறக்குறைய 55 நிமிஷத்தை ஒரே தட்டில் அடக்கியிருக்கிறார்கள். முதல் பக்கம் 27 நிமிஷம், இரண்டாம் பக்கம் 28. தட்டு எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, உள்ளே லேபிளை நெருங்கும்போது 21 சென்டிமீட்டர்தான். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை வெளியில் 51 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நீளம். உள்ளே 21 மைக்ரான். உருண்டை முனை ஊசியின் ஆரம் 15 மைக்ரான். அந்த வளைவுக்குள் அது இறங்கவே இறங்காது, மேலே இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் பக்கத்தின் கடைசிப் பாட்டில் சிம்பல் கரகரக்கிறது, 'ஸ' வரும் இடமெல்லாம் துப்புகிறது. இந்தத் தட்டில் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டவை 'சானிடேரியம்', 'டேமேஜ் இங்க்'. இரண்டாவது முழு வேகத்தில் அடிக்கிற பாட்டு. போதாக்குறைக்கு அதுதான் கடைசி.

வழி இரண்டு. ஒன்று, 2008-ல் 45 வேகத்தில் இரட்டைத் தட்டாக வந்த பதிப்பு. பக்கத்துக்கு இரண்டே பாட்டு என்பதால் பள்ளத்தை அவ்வளவு நெருக்க வேண்டியதில்லை, வேகமும் 35 சதவீதம் கூடுதல். இரண்டாவது, ஊசியை மாற்றுவது. ஆடியோ டெக்னிகாவின் வி.எம்.95 கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) வரிசையில் உடல் ஒன்றுதான், முன்னால் இருக்கும் ஊசியை மட்டும் கழற்றி மாட்டலாம். சி என்ற உருண்டை முனையிலிருந்து இ என்ற நீள்வட்ட முனைக்குப் போனாலே பாதித் தொல்லை தீரும். இன்னும் மெல்லிய எம்.எல். முனையின் பக்க ஆரம் சுமார் 3 மைக்ரான். கரகரப்பு ஏறக்குறைய போய்விடும். அழுத்தம் 2 கிராம் வையுங்கள். ரெக்கார்டு தேய்ந்துவிடும் என்று பயந்து 1.5-க்கு இறக்குகிறார்கள். அதுதான் தப்பு. லேசான ஊசி பள்ளத்துக்குள் துள்ளும், துள்ளும் ஊசிதான் சுவரைச் சிராய்க்கும்.

பெரம்பூர்_டூம்:

தல, அப்போ 180 கிராம்னு ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறதுக்கும் சவுண்டுக்கும் சம்பந்தமே இல்லையா? கலர் தட்டு எப்படி?

மெழுகுத்தட்டு:

எடைக்கும் ஒலிக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. பள்ளத்தின் ஆழம் 120 கிராம் தட்டிலும் அதேதான். கனமான தட்டு சுலபத்தில் நெளியாது, அந்த அளவில் லாபம். ஆனால் கனத் தட்டில்தான் இன்னொரு கோளாறு அதிகம் தலைகாட்டும்: அச்சில் பிளாஸ்டிக் முழுதாகப் பரவாமல் பள்ளத்தின் சுவரில் குழி விழுவது. ஒரு காதில் மட்டும் துணி கிழிகிற மாதிரி 'சர்ர்ர்' என்று ஒவ்வொரு சுற்றுக்கும் வரும். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் வெளுத்த புள்ளிகள் வரிசையாகத் தெரியும். எத்தனை கழுவினாலும் போகாது. வீடியோ எடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

டூம் (மெதுவான, கனமான மெட்டல்) கேட்கிறவர் என்பதால் இன்னொன்று. நடு ஓட்டை மையம் தப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அரை மில்லிமீட்டர் தப்பினால் உள்பக்கத்தில் சுருதி கூடவும் குறையவும் 0.8 சதவீதம் வரை ஆடும். வேகமான த்ராஷ் மெட்டலில் கவனிக்க மாட்டோம். ஒரே கார்டை எட்டு விநாடி இழுத்துப் பிடிக்கிற இசையில் வயிற்றைக் கலக்கும். கடைசி வெற்றுப் பள்ளத்தில் ஊசி ஓடும்போது டோன் ஆர்ம் இடமும் வலமும் ஆடுகிறதா என்று பார்த்தால் போதும்.

கலர் தட்டில் இப்போது பெரிய குறை இல்லை. படம் பதித்த பிக்சர் டிஸ்க் சுவரில் மாட்ட மட்டும்.

ஊசிமுனை:

ஒலியளவுச் சண்டையையும் (உரக்க ஒலிக்க வேண்டும் என்று ஒலியின் உச்சிகளை நசுக்கும் போட்டி) சொல்லிவிடுகிறேன். மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' (2008) சிடியை ஏதாவது ஆடியோ எடிட்டரில் திறந்து பாருங்கள். அலை உச்சிகள் வெட்டுப்பட்டு மேலும் கீழும் ஒரே கோடாக நிற்கும். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும்போதே அது நசுங்கித்தான் வந்தது என்று சொன்னது அப்போதே வெளியானது. அதே ஆல்பம் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டுக்கும் போயிருந்தது. அதில் தடங்கள் நசுக்கப்படாமல் இருந்ததால் ரசிகர்கள் அங்கிருந்து எடுத்துத் தாங்களே கலந்து கேட்டார்கள். விளையாட்டு டிஸ்க்கில் சிடியைவிட நல்ல ஒலி!

இதற்காக டி.ஆர். எண் (டைனமிக் ரேஞ்ச்; ஒலி எவ்வளவு நசுங்காமல் இருக்கிறது என்பதன் அளவு, கூடினால் நல்லது) பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிடிக்கு 6, எல்பிக்கு 10 என்று போட்டிருந்தால் எல்பி தனியாக மாஸ்டர் செய்தது என்று அர்த்தமில்லை. நசுங்கிய அதே கோப்பைத் தட்டில் வெட்டி மறுபடி டிஜிட்டலாக்கினாலும், ஒலி அலைகளின் கட்டம் (ஃபேஸ்) புரள்வதால் உச்சிகள் உயர்ந்து எண் கூடும். காதுக்கு ஒன்றும் மாறியிருக்காது. சிடியோடு சிடியை, எல்பியோடு எல்பியை ஒப்பிடுங்கள்.

டெத் மெட்டல் பக்கம் இயரேக் கம்பெனியின் 'ஃபுல் டைனமிக் ரேஞ்ச்' வரிசை நம்பி வாங்கலாம். இந்த வருஷம் எடுத்தது மார்பிட் ஏஞ்சலின் 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்' (1989). பீட் சாண்டோவாலின் இரட்டைக் கிக் ஒவ்வொரு அடியாகப் பிரிந்து விழுகிறது.

எட்டி666:

அயர்ன் மெய்டன் 'தி நம்பர் ஆஃப் த பீஸ்ட்' 40ஆம் ஆண்டு எல்பி (2022) வாங்குறவங்க கவனிக்க: 'கேங்லேண்ட்' இல்லை, அந்த இடத்துல 'டோட்டல் எக்லிப்ஸ்'. பாஸ் வாசிக்கிற ஸ்டீவ் ஹாரிஸுக்கு அதுதான் ஆல்பத்துல வந்திருக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. கூடவே ஹேமர்ஸ்மித் கச்சேரி ரெண்டு தட்டு. 1982 வரிசை அப்படியே வேணும்னா 2014 கறுப்புத் தட்டு.

கடைசித்தடம்:

பழைய சிடி வாங்குறவங்களுக்கு. பளபளக்கிற பக்கத்துல உள் வளையத்தைப் படிங்க. 'மேட் இன் யு.கே. பை பி.டி.ஓ.'ன்னு (சிடி அச்சடிச்ச கம்பெனி பேரு) இருந்தா வெளிச்சத்துல பிடிச்சு நிறத்தைப் பாருங்க. பிளாக்பர்ன் ஆலையில 1988-லேர்ந்து 1993 வரை அச்சான சிடிகள்ல பல வெண்கல நிறத்துக்கு மாறிப் போச்சு. உள்ளே வெள்ளிப் பூச்சு. அதைக் காக்கிற அரக்கு, அட்டைக் காகிதத்துல இருக்கிற கந்தகத்தைத் தாங்கலை. விளிம்புல ஆரம்பிச்சு உள்ளே பரவும். சிடி விளிம்புலதான் கடைசிப் பாட்டு இருக்குங்கிறதால முதல்ல சாகிறது அதுதான். கடையில முதல் பாட்டைப் போட்டுக் காட்டினா ஏமாறாதீங்க, கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்க.

மெழுகுத்தட்டு:

சென்னை மாதிரி ஈரக்காற்று ஊர்களில் எல்பி வாங்கினால் முதல் வேலை உள்ளுறையை மாற்றுவது. வெறும் காகித உறை ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்க்கும். பாலிதீன் உள்வரி உள்ள உறை போதும். வெளியே போடும் கண்ணாடி உறை மெத்தென்று பி.வி.சி.யாக இருந்தால் தூக்கிப் போடுங்கள். வெயில் காலத்தில் அது வெளிவிடும் ஆவி அட்டையைத் தாண்டித் தட்டில் படிந்து மங்கலாக்கும், பிறகு துடைக்கவே முடியாது. பூஞ்சை வந்த தட்டுக்கு: காய்ச்சி வடித்த நீர் 3 பங்கு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் 1 பங்கு, லிட்டருக்கு இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் வடிநீரால் மறுபடி ஒரு முறை கழுவவும். 78 வேக அரக்குத் தட்டில் இந்தக் கலவையைக் கொண்டுபோகாதீர்கள், ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

பெரம்பூர்_டூம்:

சரி தல. லெட் செப்பெலின் 'II' பழைய அமெரிக்கப் பதிப்பு ஒண்ணு விலைக்கு வருது. விற்கிறவர் 'ஒரிஜினல்'னு மட்டும் சொல்றார். எதைப் பார்க்கணும்?

மெழுகுத்தட்டு:

லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும். மாஸ்டரிங் பொறியாளர் பாப் (ராபர்ட்) லட்விக் 1969-ல் வெட்டிய தட்டென்றால் கையால் கீறிய 'ஆர்.எல்.' இருக்கும், பக்கத்தில் 'எஸ்.எஸ்.' (ஸ்டெர்லிங் சவுண்ட் ஸ்டுடியோ). மலிவு பிளேயர்களில் ஊசி துள்ளும் அளவுக்குப் பாஸை ஏற்றி வெட்டியிருந்தார் என்பதால் கம்பெனி அதை விலக்கிவிட்டு அடக்கமாக வேறொன்று வெட்டியது. இரண்டுக்கும் லேபிள் ஒன்றுதான், விலை பல மடங்கு வித்தியாசம். ஒரு பக்கம் மட்டும் 'ஆர்.எல்.' உள்ள தட்டுகளும் சுற்றுகின்றன. போட்டோ தர மறுத்தால் சாதாரணப் பதிப்பு விலைதான் கொடுக்கலாம்.