ராஸ்பெரி பையில் 1 ஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம்: மென்பொருளா, வன்பொருளா?

வெந்நீர்க்கலன்:
ராஸ்பெரி பை 3 என்ற சிறு கணினிப் பலகையை வைத்துத் தண்ணீர் ஹீட்டரைக் கட்டுப்படுத்துகிறேன். இடையில் சாலிட் ஸ்டேட் ரிலே, அதாவது அசையும் பாகமில்லாத மின்னணு சுவிட்ச். பிடபிள்யூஎம் (துடிப்பின் நீளத்தை மாற்றிச் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் முறை) விநாடிக்கு ஒரு துடிப்பு, அதாவது 1 ஹெர்ட்ஸ், தந்தால் போதும். பைத்தானில் மென்பொருள் பிடபிள்யூஎம் போதுமா, ஜிபிஐஓ 18 என்ற இணைப்பு முனையில் (பின்) உள்ள வன்பொருள் பிடபிள்யூஎம்தான் வேண்டுமா?

செம்புக்கம்பி:
மென்பொருளே தாராளம். ஜீரோ கிராஸிங் ரிலே (மின்னழுத்தம் பூஜ்ஜியத்தைக் கடக்கும்போது மட்டும் மாறுவது) என்றால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் நிலை மாறும். லினக்ஸ் ஒன்றிரண்டு மில்லிவிநாடி தாமதித்தாலும் ஹீட்டருக்கு உறைக்காது. சர்வோ மோட்டார் என்றால் கதை வேறு. 1 முதல் 2 மில்லிவிநாடித் துடிப்பை வைத்தே அது கோணத்தை முடிவு செய்கிறது, அங்கே நடுக்கம் கண்ணிலேயே தெரியும்.

அரைச்சுற்று:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் நண்பரே. நடுக்கத்தை விடுங்கள், நிரல் நின்றுபோனால் என்ன ஆகும்? எனக்கு நடந்தது இது: ஜிபிஐஓ பின் ஹையில் (ஹீட்டர் எரியும் நிலையில்) இருந்த நேரம் பார்த்து நிரல் தொங்கிவிட்டது. அந்தப் பின் அப்படியே ஹையில் நின்றது. 60 டிகிரியில் நிற்கவேண்டிய தண்ணீர், நான் போய்ப் பார்த்தபோது மூடியைத் தள்ளிக்கொண்டு கொதித்தது. வன்பொருளாக இருந்தால், நிரல் நின்றாலும் 30 சதவீதம் 30 சதவீதமாகவே ஓடியிருக்கும்.

கணக்கும் சுலபம். 19.2 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 1920-ஆல் வகுத்தால் 10,000 ஹெர்ட்ஸ். ரேஞ்சும் (ஒரு சுற்றுக்கு எண்ணும் எண்ணிக்கை) 10,000 என்றால் சரியாக 1 ஹெர்ட்ஸ். மார்க்-ஸ்பேஸ் முறைக்கு (சுற்றுக்கு ஒரே தொடர் துடிப்பு) மாற்ற மறக்காதீர்கள். வயரிங்பை என்ற நிரல் நூலகத்தில் இயல்பாக வருவது பேலன்ஸ்டு முறை, அது ஒரே துடிப்பைத் துண்டு துண்டாக விநாடி முழுக்கத் தூவிவிடும்.

செம்புக்கம்பி:
சென்சாரைப் படிக்க ஆளில்லாமல் 30 சதவீதம் ஓடிக்கொண்டே இருப்பது மட்டும் பாதுகாப்பா? மூடிய கலனில் அதுவும் கொதிக்கும், கொஞ்சம் தாமதமாக. பையில் உள்ள வாட்ச்டாக் என்ற காவல் கடிகாரத்தை இயக்குங்கள். நிரல் 15 விநாடி அதைத் தட்டாவிட்டால் பலகையே ரீசெட் ஆகும். ரீசெட்டில் ஜிபிஐஓ 18 புல்-டவுனோடு (லோவுக்கு இழுக்கும் மின்தடையோடு) உள்ளீடாக மாறும், ரிலே அணையும். அதற்கு மென்பொருள் பிடபிள்யூஎம் எந்தத் தடையும் இல்லை. இன்னொன்று, ஹெட்போன் ஜாக்கின் ஒலியும் அதே பிடபிள்யூஎம் வழியாகத்தான் போகிறது. ஒலி வேண்டுமென்றால் இரண்டும் மோதும்.

வெந்நீர்க்கலன்:
கையில் பிசிஏ9685 என்ற தனி பிடபிள்யூஎம் பலகை ஒன்று இருக்கிறது. அது உதவுமா?

அரைச்சுற்று:
உதவாது. 24 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது இறங்காது.

வாட்ச்டாக் யோசனை சரி, அதை ஏற்கிறேன். ஆனாலும் அந்த 15 விநாடி முழு வேகத்தில் எரிவதைவிட 30 சதவீதத்தில் எரிவதே எனக்கு மேல்.

செம்புக்கம்பி:
சிறிய கலன் என்றால் அது நியாயம்தான். பெரிய கலனில் 15 விநாடியில் அரை டிகிரிகூட ஏறாது. எதைத் தேர்ந்தாலும் ஹீட்டரோடு தொடராக ஒரு தெர்மல் கட்-ஆஃப் (சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாகம்) போடுங்கள். ரிலேயே ஷார்ட் ஆகிவிட்டால் நாம் இருவரும் சொன்னது எதுவும் பலிக்காது.

வெந்நீர்க்கலன்:
கலன் 2 லிட்டர்தான். அப்படியானால் வன்பொருள், வாட்ச்டாக், கட்-ஆஃப் மூன்றையும் போடுகிறேன். கட்-ஆஃப் முதலில்.