சினாடுக்கு முதல் தடவை போகிற பிரதிநிதி: என்னென்ன தெரிஞ்சிருக்கணும்?

தாமிரபரணிக்கரை:
எங்க சேகரத்து (ஒரு குருவானவர் பொறுப்புல உள்ள சபைகள்) அண்ணன் ஒருத்தங்க திருநெல்வேலி திருமண்டலப் (ஒரு பேராயருக்குக் கீழ உள்ள பகுதி) பிரதிநிதியா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சினாடுக்கு, அதாவது அதோட உச்ச மன்றத்துக்கு, போறாங்க. திருமண்டல அளவுல கூடுற பெருமன்றம் பழக்கம் உண்டு, சினாட் புதுசு. இங்கிலீஷ் வாசிப்பாங்க, சரளமாப் பேச வராது. ஆராதனை எப்படி இருக்கும், எப்படிப் பேசணும், எதைக் குறிச்சிட்டு வரணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சுரண்டை வாசகர்:
ஆராதனையில இருந்தே தொடங்குதேன். ஒழுங்கு இங்கிலீஷ்ல இருந்தாலும் பாட்டும் வேதபாடமும் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம்னு மாறி மாறி வரும். கர்த்தருடைய ஜெபத்தை அவங்கவங்க மொழியில சொல்லச் சொல்லுவாங்க. நாம "பரமண்டலங்களிலிருக்கிற" சொல்லி முடிக்கிறதுக்குள்ள பக்கத்து வரிசை அடுத்த அடிக்குப் போயிருக்கும். அவங்களைப் பிடிக்கணும்னு வேகம் கூட்டினா நடுவுல அடி தப்பும். நம்ம வேகத்துலயே சொல்லட்டும். ஆமென் முன்னே பின்னே விழும்; அந்த ஆமெனைக் கேட்கவே போகலாம்.

ஆராதனை நடுவுல ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் பகிரும்போது நம்ம பக்கம் பலரும் கும்பிட்டு முடிச்சிடுதோம். 1950-இல் வந்த சி.எஸ்.ஐ. நற்கருணை ஆராதனை ஒழுங்குப்படி அது கையிலிருந்து கைக்கு வரணும். கொடுக்கிறவர் தன் வலது உள்ளங்கையை வாங்குறவர் வலது உள்ளங்கையோட சேர்க்க, ரெண்டு பேரும் இடது கையால அடுத்தவர் வலது கையை மூடுவாங்க. குருவானவர்கிட்ட இருந்து வரிசை வரிசையா இறங்கி வரும். கையில பாட்டுத்தாளும் பையும் இருந்தா அந்த வரிசை அந்த இடத்துல அறுந்துபோகும். முன்னாலேயே கீழே வச்சிடச் சொல்லுங்க.

இன்னொண்ணு. நாம சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி.ங்கிற மிஷன் சங்கங்கள் வழி வந்த ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) மரபு. கன்னியாகுமரியும் தென் கேரளமும் இலண்டன் மிஷன், மதுரை அமெரிக்கன் மிஷன். 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்துல சபை ஒண்ணாச்சு. பழக்கவழக்கம் இன்னும் பலவிதம்தான். முழங்காலிடாம நற்கருணை வாங்குறவங்களைப் பார்த்து பக்தி குறைவுன்னு நினைச்சிடக் கூடாது.

பாளை வடக்கு:
பேசுறதுக்கு 3 நிமிஷம் கிடைக்கும்னு வச்சுக்கிட்டுத் தயார் பண்ணட்டும். மொழிபெயர்ப்போட பேசினா பாதி நேரம்தான் நமக்கு. ஒன்றரை நிமிஷத்துல நிதானமாப் பேசினா 130 சொல் தாண்டாது. மேடையில இருக்கிற எல்லாரையும் பேர் சொல்லி வாழ்த்தினா அதுக்கே 30, 40 சொல் போயிடும். தலைவரை மட்டும் விளிச்சாப் போதும். முதல் வாக்கியத்துல எந்த அறிக்கை, எந்தப் பக்கம். ரெண்டாவதுல என்ன மாற்றம் வேணும். அப்புறம் காரணம், அதுவும் ஒண்ணே ஒண்ணு.

எழுதினதை மொழிபெயர்க்கிறவர்கிட்ட முந்தியே ஒரு பிரதி கொடுத்திடணும். நம்ம சபைச் சொல்லுலதான் தடுக்கும். 'சேகரம்'னா வெளியூர்க்காரர் காணிக்கை சேகரிக்கிறதுன்னு எடுத்துக்கிட வாய்ப்பு உண்டு. அதனால சேகரத்துக்குப் பக்கத்துல பாஸ்டரேட், பெருமன்றத்துக்கு டயோசிசன் கவுன்சில், உபதேசியாருக்கு கேட்டகிஸ்ட்னு குறிச்சுக் கொடுங்க.

யாழ்ப்பாணத் திருமண்டலமும் சி.எஸ்.ஐ.தான். சாப்பாட்டு நேரத்துல அவங்க பக்கத்துல உட்காரச் சொல்லுங்க, தமிழ்லயே மனசுவிட்டுப் பேசலாம்.

தாமிரபரணிக்கரை:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. சபையோட சட்டவிதிகளைத் திருத்துற விதித்திருத்தம் வந்தா என்ன செய்யணும்?

டோனாவூர் சாலை:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சினாட்ல மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைச்சிட்டா வேலை முடிஞ்சிட்டுதுன்னு திரும்பிடுதாங்க. முடியலை. அப்புறம் திருமண்டலப் பெருமன்றங்கள்லயும் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புக்கொள்ளணும். அப்போ நம்ம பெருமன்றத்துல "சரியா என்ன மாறுது"ன்னு கேட்கிறவங்களுக்கு விடை தெரிஞ்சவர் இந்த அண்ணன்தான். விதி எண், எடுத்த சொல், சேர்த்த சொல் மூணையும் அப்படியே எழுதிட்டு வரணும். "வயது பற்றிய திருத்தம்" மாதிரிச் சுருக்கக் குறிப்பு உதவாது. மன்றத்துல வாசிக்கும்போது ஒரு சொல் மாறினாலும் கையிலுள்ள தாள் பழசாயிடும். பேனாவால அதுமேலயே திருத்தி, தேதி போட்டுக்கிடட்டும்.

முன்னே 2 வருஷத்துக்கு ஒரு தடவை கூடினது இப்போ 3 வருஷம் ஆயிட்டு. தவறவிட்டதை அடுத்த சினாட்ல கேட்டுக்கிடலாம்னா ரொம்பத் தள்ளிப் போகும்.

பயணம்: சென்னைன்னா நெல்லை எக்ஸ்பிரஸ், கோட்டயம் பக்கம்னா செங்கோட்டை வழி பாலருவி. முன்பதிவு இப்போ 60 நாளைக்கு முன்னாலதான் திறக்கும். ஊருக்குத் திரும்புற டிக்கெட்டைக் கடைசி அமர்வு முடியிற நேரத்துக்குப் பிறகு போடச் சொல்லுங்க. முக்கியமான வாக்கெடுப்பு அப்போதான் வரும், நம்ம ஆட்கள் அப்போ ஸ்டேஷன்ல நிற்பாங்க.