பெயர்த்தெடுத்து நட்ட வீடுகளுக்குள் அம்மாவோடு

கிராம வாழ்க்கையைக் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகங்களுக்குச் சென்றவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுமாறு கேட்டிருந்தீர்கள். சரவாக்கின் சந்துபோங் மலையடியில் உள்ள கலாசாரக் கிராமத்தைப் பற்றி ஏற்கெனவே சிலர் நன்றாக எழுதிவிட்டீர்கள். நான் எழுத விரும்புவது சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவைப் பற்றி. பினாங்கிலிருந்து தமிழ்நாட்டுக்குச் செல்லும் நம்மவர்கள் பலர் கோயில்களையும் தி. நகர்க் கடைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நிபோங் திபாலுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, எண்பது வயதைக் கடந்துவிட்ட என் அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். அந்த இடத்தை அம்மா பார்த்த விதமே இதை எழுதத் தூண்டியது.

அம்மாவின் அப்பா மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். சொந்த நிலம் இல்லாத பண்ணையாள் குடும்பம். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவரோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் வைக்கப்பட்டு, அதன் பிறகே தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். தோட்ட வேலைக்கு உதவித்தொகையோடு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. தாத்தா அதற்கு முன்பே வந்துவிட்டார். அவர் திரும்பிப் போகவே இல்லை. ஆகவே அம்மாவுக்குக் கிராமம் என்பது தாத்தா சொல்லிக் கேட்ட கதைகளால் மட்டுமே ஆனது.

தட்சிணசித்ரா கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரம் செல்லும் வழியில், ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலத்தில் அமைந்திருக்கிறது. 1984இல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கிய டெபோரா தியாகராஜன் அமெரிக்காவில் பிறந்தவர். செட்டிநாட்டில் பெரிய வீடுகள் இடிக்கப்பட்டு, தூண்களும் நிலைக்கதவுகளும் தனித்தனியாக விலைபோய்க்கொண்டிருந்த காலம் அது. இடிபடவிருந்த வீடுகளை வாங்கி, மரத்தையும் கல்லையும் ஓட்டையும் அடையாளமிட்டுப் பிரித்து, லாரிகளில் ஏற்றி முட்டுக்காட்டுக்குக் கொண்டுவந்து, பழைய முறை தெரிந்த தச்சர்களையும் கொத்தனார்களையும் கொண்டு மறுபடியும் எழுப்பினார்கள். எளிய கட்டடங்களுக்குப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வளாகத்தின் அமைப்பை வகுத்துக் கொடுத்தார். அவர் வழியில் பயின்ற பென்னி குரியாகோஸ் கட்டுமானத்தை முன்னின்று நடத்தினார். 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வீடுகளையே பெயர்த்து வந்து ஓரிடத்தில் நிறுத்தும் இந்த முறைக்கு முன்னோடி, 1891இல் ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹசேலியஸ் தொடங்கிய ஸ்கான்சென். ஆனால் தென்னிந்திய வீடுகளை இப்படிக் காப்பாற்றுவதற்கு வேறு வகைப் பொறுமை வேண்டும். கறையானும் கடற்காற்றும் ஒருநாளும் ஓய்வதில்லை.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என நான்கு பகுதிகள். மொத்தம் பதினெட்டு வீடுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். கேரளப் பகுதியில் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீடு முழுக்க முழுக்க மரத்தால் ஆனது. அதன் நெற்களஞ்சியத்தின் பலகைகளைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் கடந்துபோக மாட்டார்கள். கர்நாடகப் பகுதியில் இல்கல் நெசவாளர் வீட்டின் கற்சுவர்கள் நல்ல குளிர்ச்சி. இவற்றை நாங்கள் சற்று விரைவாகவே கடந்தோம், ஏனென்றால் அம்மாவின் கால்களில் இருந்த வலுவைத் தமிழ்நாட்டுப் பகுதிக்கென்று சேர்த்து வைத்திருந்தோம். முதியவர்களோடு செல்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்: வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விடுங்கள், செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறவாதீர்கள்.

நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார் வீட்டின் முகப்பில்தான் கூட்டம் அதிகம். செதுக்கு வேலைப்பாடு நிறைந்த நிலைவாசலின் முன் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். ஆனால் பினாங்குக்காரிக்கு அந்த வாசலில் வேறொன்றும் நினைவுக்கு வரும். நம் பினாங்கு ஸ்திரீட்டில் இருந்த கிட்டங்கி என்ற வட்டித்தொழில் கூடங்களில் செட்டியார்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை இங்கே பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியடி (பணப்பெட்டி வைத்து அமரும் இடம்), ஒரு பாய், ஒரு கணக்கேடு. சொந்த அறைகூட இல்லை. கடல்கடந்து வந்த இடத்தில் அவ்வளவு சிக்கனமாக இருந்தவர்கள், ஊரில் பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் இழைத்து, கட்டுக்குள் கட்டாக நீளும் வீடுகளை எழுப்பினார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டிய வட்டிப் பணம் அந்தத் தூண்களில் நிற்கிறது. ஆகவே அந்த வீட்டில் மலாயாவின் பங்கும் உண்டு என்றே நான் கருதுகிறேன். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் புறப்படும் கோயில் வீட்டைப் பார்த்துப் பழகிய அம்மா, "நம்ம செட்டியார் வீடு கணக்காவே இருக்கு" என்று சொல்லிவிட்டு, அதிகம் வியக்காமல் அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அடுத்ததாக நாங்கள் நின்றது தஞ்சை வட்டாரத்து விவசாயி வீடு. இதை ஆர அமரப் பார்க்கச் சொல்வேன். அம்மாவின் கண்கள் முதலில் சென்றது அம்மி, உரல், முறம் ஆகியவற்றின் பக்கம். அவற்றில் ஒன்றுகூட அவருக்குப் புதிதில்லை. தோட்டத்தில் பாட்டி அரைத்த அம்மியும், ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளின் பெண்கள் சேர்ந்து மாவிடித்த உரலும் இதே வடிவம். கல்லின் தேய்மானத்தைத் தடவிப் பார்த்து, "இது ரொம்ப நாள் புழங்குன கல்லு" என்றார். உடன் வந்த என் அக்காவின் பேத்திக்கு உலக்கையைப் பிடிக்கும் விதத்தை அங்கேயே சொல்லிக்கொடுத்தார். கைமாற்றி இடிக்கும்போது மூச்சை எங்கே விட வேண்டும் என்பது வரையில்.

பிறகு திண்ணையில் வந்து உட்கார்ந்தார். எங்களுக்கு வீடுகளை விளக்கிக்கொண்டிருந்த இளம்பெண்ணைப் பார்த்து, "ஏம்மா, எங்கப்பா இந்தப் பக்கத்துலதான் பண்ணையாளா இருந்தாராம். அந்தக் காலத்துல அவர இந்தத் திண்ணையில உக்கார விட்டுருப்பாங்களா?" என்று கேட்டார். அந்தப் பெண் சற்றே தயங்கினாள். ஏதேனும் இனிப்பாகச் சொல்லி மழுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், "விட்டுருக்க மாட்டாங்க பாட்டி. கொல்லப் பக்கமா வந்து நின்னுட்டுப் போயிருப்பாரு" என்றாள். அம்மா தலையசைத்தார், வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "எங்கப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, இன்னும் நன்றாகச் சாய்ந்து அமர்ந்துகொண்டார். நாங்கள் அங்கிருந்து கிளம்ப நெடுநேரம் ஆயிற்று.

அந்தப் பெண்ணின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். பழைய வீடுகளைப் பாதுகாப்பவர்கள், அவற்றின் வாசலுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று இருந்த ஒழுங்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சொன்னால்தான் இன்று அனைவரும் ஒரே நுழைவுச்சீட்டில் எல்லா வாசலையும் கடந்து உள்ளே செல்வதன் பொருள் குழந்தைகளுக்குப் புரியும். பேத்தி அன்று இரவு விடுதியில் அதைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

குயவர் சக்கரத்தில் களிமண் பிடித்துப் பார்க்கக் குழந்தைகளை அனுமதிக்கிறார்கள்; பேத்தி அங்கே இருந்தபோது அம்மா, கூடை முடைந்துகொண்டிருந்த ஒரு பெண்ணோடு பேசத் தொடங்கினார். அந்தக் கூடைக்காரப் பெண்ணின் முதல் கேள்வி, "மலேசியாவுல மூங்கிலு கெடைக்குமா?" என்பது. பிறகு இருவரும் மூங்கிலை எந்தப் பருவத்தில் வெட்டினால் பூச்சி அரிக்காது என்பதைப் பற்றி, நான் பக்கத்தில் இருப்பதையே மறந்து பேசினார்கள். தோட்டத்தில் நிரை பிடித்து மரங்களில் பால் வெட்டியதையும், மங்குகள் என்ற கிண்ணங்களில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றிக் காண்டா கம்பு என்ற தோள்தடியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோனதையும் அம்மா விவரித்தபோது, கூடைக்காரப் பெண் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். அங்கே காட்சிக்கு இருந்தது அவருடைய தொழில். ஆனால் அன்று பார்வையாளராக இருந்தது அவர்தான்.

ஐயனார் சந்நிதியின் சுடுமண் குதிரைகள் முன்னால் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். எங்கள் தோட்டத்தின் எல்லையில், பால்மரக் காட்டின் ஓரமாக முனீஸ்வரருக்குச் சூலம் நட்டிருந்த இடத்தில் எப்படி நின்றாரோ அதே போல நின்றார். கப்பலில் வந்தவர்கள் வீட்டைக் கொண்டுவர முடியவில்லை. எல்லைச் சாமியையும் மாரியம்மனையும் அரைப்பதையும் இடிப்பதையும் கொண்டுவந்தார்கள்.

தாத்தாவின் குடிசைக்கு நிகரான ஒன்றைத் தேடினோம். அம்மா கேட்டறிந்த வீடு ஒரே அறை, மண்சுவர், ஓலைக்கூரை, குனிந்துதான் நுழைய வேண்டும். ஆந்திரப் பகுதியில், கடலோர விசாகப்பட்டின மாவட்டத்து வட்ட வடிவ மண்வீடு இருக்கிறது; புயல்காற்று சுவரில் மோதி நிற்காமல் வழுக்கிச் செல்வதற்காக வட்டமாகக் கட்டி, கூரையைத் தரையைத் தொடுமளவுக்குத் தாழ இறக்கியிருக்கிறார்கள். அம்மா அதற்குள் குனிந்து நுழைந்து பார்த்துவிட்டு, "இதுதான் கிட்டக்க வருது" என்றார். தஞ்சைக்காரரின் குடிசைக்கு ஆந்திர வீட்டைச் சான்றாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று எனக்குப் பட்டது. ஆனால் காரணம் விளங்காமல் இல்லை. தேக்குத் தூணையும் கருங்கல்லையும் பிரித்துக் கொண்டுவரலாம். மண்சுவரைப் பிரித்தால் அது மண்தான். இல்லாதவர்களின் வீடு அவர்களோடு சேர்ந்தே மறைந்துவிடுகிறது. எங்கேனும் காட்ட விரும்பினால், கட்டத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே புதிதாகக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பியபின் கோலாலம்பூர் செல்ல நேர்ந்தபோது, ஜாலான் ஸ்டோனரில் பாடான் வாரிசான் மலேசியா என்ற மரபுக் காப்பு அமைப்பினர் நிறுத்தியிருக்கும், பெங்குலு (ஊர்த்தலைவர்) அபு செமானின் வீட்டுக்கும் அம்மாவை அழைத்துப்போனேன். அந்த வீடு கெடாவின் பண்டார் பாரு மாவட்டத்தில், 1910 முதல் 1930களின் தொடக்கம் வரையில் பகுதி பகுதியாகக் கட்டப்பட்டது. 1990களில் பிரித்தெடுத்துக் கோலாலம்பூருக்குக் கொண்டுவரப்பட்டது. ஆணிக்குப் பதிலாகப் பொருத்தும் ஆப்புமாக இணைத்துக் கட்டுவது மலாய் வீட்டுத் தச்சு முறையாதலால் பிரிப்பதும் இயன்றது. பண்டார் பாரு எங்கள் தோட்டத்திலிருந்து அதிகத் தொலைவில்லை. இது போன்ற கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடுகளின் படிக்கட்டில் உட்கார்ந்து இளநீர் குடித்த நினைவு அம்மாவுக்கு இருக்கிறது. உள்ளே ஏறிப் பார்த்தது இதுவே முதல் தடவை. சமையற்கட்டின் பலகைத் தரையில் இருந்த இடைவெளிகளைக் காட்டி, கழுவிய தண்ணீர் கீழே போய்விடும் என்று எனக்கே விளக்கினார்.

இரண்டு இடங்களையும் பார்த்தபின் எனக்கு ஓர் எண்ணம் வலுத்துவிட்டது. நகரத்தாரின் வீட்டையும் பெங்குலுவின் வீட்டையும் எவ்வளவு கவனமாகப் பெயர்த்து நட்டார்களோ, அதே கவனம் ஒரு தோட்டத்து லயத்துக்கும் கிடைக்க வேண்டும். வரிசையாய்ப் பலகை அறைகள், துத்தநாகத் தகடு வேய்ந்த கூரை, முன்னால் அஞ்சடி என்ற தாழ்வாரம், பின்னால் அடுப்படி, எல்லாருக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களம், சிறிய மாரியம்மன் கோயில், ஓரமாய்க் கள்ளுக்கடை, ஒரே அறையில் பல வகுப்புகள் நடந்த தமிழ்ப்பள்ளி. இதுவும் இந்நாட்டின் ஒரு கிராமம்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. அம்மா பிறந்த லயம் இருந்த இடத்தில் இன்று நிற்பது மாடிவீடுகள். பலகையையும் தகட்டையும் யாரும் வாங்கி அடையாளமிட்டு வைக்கவில்லை. ஆகவே மண்வீட்டுக்குச் செய்வதையே லயத்துக்கும் செய்ய வேண்டியிருக்கும்: வாழ்ந்தவர்களைக் கேட்டு அளவெடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டும்.

அதற்காக அம்மாவிடம் கேட்டுக் கேட்டு ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அறையில் எத்தனை பேர் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தார்கள், சாமிப் படம் எந்தப் பலகையில் இருந்தது, பால் வெட்டும் உளியை எங்கே செருகி வைத்தார்கள், மழை பெய்தால் விறகை எங்கே அடுக்கினார்கள் என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். சுங்கை பாக்காப், பத்து காவான், நிபோங் திபால் வட்டாரத் தோட்டங்களில் லயத்தில் வாழ்ந்தவர்கள் உங்களில் இருந்தால், உங்கள் லயத்து அறையின் நீள அகலத்தையும், அடுப்பு அஞ்சடியில் இருந்ததா பின்கட்டில் இருந்ததா என்பதையும், தண்ணீர்க் குழாய் எத்தனை வீடுகளுக்குப் பொது என்பதையும் நினைவிலிருந்தபடி எழுதுங்கள். பழைய படங்கள் இருந்தால், திருமணப் படமாக இருந்தாலும், பின்னணியில் லயத்தின் சுவரோ கூரையோ தெரிகிறதா என்று பாருங்கள். அம்மாவின் வரைபடத்தில் கூரையின் சாய்வு மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.