‘பன்னிரண்டாம் இரவு’: வயோலாவை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

பொருநைக்கரைப் பெண்

ஷேக்ஸ்பியரின் இந்த நாடகத்தைப் படித்தவர்கள், பார்த்தவர்கள், மேடையேறியவர்கள் இங்கே இருப்பீர்கள். அதில் வரும் யார் உங்களை விடாமல் பிடித்துக்கொண்டார் என்று சொல்லுங்கள். என் அனுபவத்தை முதலில் வைக்கிறேன்.

கதை மறந்தவர்களுக்கு: கப்பல் உடைந்து இல்லிரியா கரையில் ஒதுங்குகிறாள் வயோலா. கூடப்பிறந்த இரட்டையன் செபாஸ்டியன் கடலோடு போய்விட்டான் என்று நினைக்கிறாள். ஆண் வேஷம் போட்டு, சிசாரியோ என்று பெயர் வைத்துக்கொண்டு ஆர்சினோ பிரபுவிடம் வேலைக்குச் சேர்கிறாள். அவர்மேலேயே ஆசை வருகிறது. அவரோ ஒலிவியா சீமாட்டியிடம் தூது போகச் சொல்லி இவளையே அனுப்புகிறார். ஒலிவியாவுக்கோ தூது வந்த ‘பையன்’மேல் மனசு போய்விடுகிறது.

2020 ஏப்ரல், ஊரடங்கு. லண்டன் நேஷனல் தியேட்டர் 2017இல் போட்ட இந்த நாடகத்தின் ஒளிப்பதிவை யூடியூபில் கொஞ்ச நாள் இலவசமாக விட்டிருந்தார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இங்கிலீஷ் தெரியாது, நான்தான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒலிவியா வீட்டுக் காரியஸ்தன் மல்வோலியோவை அதில் மல்வோலியா என்று பெண்ணாக மாற்றியிருந்தார்கள். டாம்சின் கிரெய்க் நடித்தார். எஜமானி எழுதியதுபோல ஒரு பொய்க் கடிதத்தைத் தோட்டத்தில் போட்டு வைக்கிறார்கள். மஞ்சள் உடுத்திக்கொண்டு சிரித்த முகமாக வா என்று அதில் இருக்கிறது. அந்தக் காட்சியில் அம்மா கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள்.

பிறகு, பைத்தியம் என்று சொல்லி மல்வோலியாவை இருட்டறையில் அடைத்ததும் அம்மா கை நின்றுவிட்டது. கீரைத்தண்டை ஒடிக்காமல் அப்படியே பிடித்திருந்தாள். “ஆசைப்பட்டது ஒரு குத்தமா? எஜமானியம்மா மேலன்னா என்ன இப்போ? அவளை வெளிய விடச் சொல்லுடி” என்றாள். ஒரு பெண் இன்னொரு பெண்மேல் வைத்த ஆசை என்பது அம்மாவுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. அதைப் பற்றி அவள் வேறெதுவும் கேட்கவில்லை. ஆசையை வைத்து ஒருத்தியை மட்டம் தட்டியதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. கல்லூரியில் மூன்று வருடம் இலக்கியம் படித்தவள் நான். மல்வோலியோவைத் ‘தற்பெருமைக்காரன்’ என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அன்றுதான் அந்த ஆளின் வலி எனக்குத் தெரிந்தது.

மேடைப் பழசு

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், தங்கச்சி.

நான் வயோலாவாகவே நடித்தவன். 1984, ஆண்கள் மட்டும் படித்த கல்லூரி, ஆண்டு விழா. குரல் கொஞ்சம் மென்மை என்பதற்காக என்னைப் பிடித்துப் போட்டார்கள். ஒத்திகையில் இடுப்பை வளைத்து, கையைக் குழைத்து நடந்தேன். பையன்கள் விசிலடித்தார்கள். ராத்திரி வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். சின்ன வயதில் பாய்ஸ் கம்பெனி என்ற பையன்களின் நாடகக் குழுவில் ஸ்த்ரீபார்ட், அதாவது பெண் வேஷம், போட்டவர், வள்ளி வேஷத்தில் பேர் வாங்கியவர். தெருவே அவரை ‘வாத்தியார்’ என்றுதான் கூப்பிடும். அவரிடம் போய் நின்றேன். கதையை முழுக்கக் கேட்டார். கடைசியில் சொன்னார்: “தம்பி, நீ பொம்பளையா நடக்கவே கூடாது. அவ ஆம்பளையா நடக்கப் பாக்குற பொம்பளை. நீ ஆம்பளை நடையைக் கத்துக்கிட்டிருக்கிறவன் மாதிரி நட. அப்பப்போ தப்பு விடு. அந்தத் தப்புலதான் அவ தெரியணும்.”

என்னால் மறக்கமுடியாத பாடம் அது. ஆண் என்பதும் பழகிக்கொள்கிற ஒரு வேஷம்தான் என்று பத்தொன்பது வயதில் எனக்குக் காட்டிக்கொடுத்தார். நாடகமே அதைத்தான் செய்கிறது. வயோலாவையும் ஆண்ட்ரூ என்ற வீரரையும் வாள் சண்டைக்குத் தள்ளிவிடுகிறார்கள். ‘இன்னும் கொஞ்சம் போனால் நான் ஆணில்லை என்பதைச் சொல்லிவிடுவேன்’ என்று இவள் தனக்குள் நடுங்குகிறாள். எதிரே நிற்கிற அசல் ஆண்பிள்ளையோ சண்டை வேண்டாம், என் குதிரையை வேண்டுமானாலும் தருகிறேன் என்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே பயம்.

ஆர்சினோவை நன்றாகக் கவனியுங்கள். ஆண்களின் ஆசைதான் பெண்களுடையதைவிட நிலையில்லாதது என்று சிசாரியோவிடம் அவரே சொல்கிறார். விதூஷகன் வந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போகிறான். பாட்டு முடிந்ததும் அதே வாயால், என்னுடைய காதலைத் தாங்கும் நெஞ்சு எந்தப் பெண்ணுக்கும் கிடையாது என்கிறார். முன்னே சொன்னது அவருக்கு நினைவே இல்லை. காதலைப் பற்றி இவ்வளவு பேசுகிற மனுஷன், நாடகத்தின் கடைசிக் காட்சி வரை ஒலிவியா வாசலுக்கு ஒருதரம்கூட நேரில் போகவில்லை.

பெண் நெஞ்சைப் பற்றிய அந்தப் பேச்சுக்கு வயோலா சொல்லும் பதில்தான் எனக்கு உயிர். என் அப்பாவுக்கு ஒரு மகள் இருந்தாள், ஓர் ஆணை நேசித்தாள் என்கிறாள். அவள் கதை என்ன ஆயிற்று என்கிறார். “ஒன்றுமில்லை பிரபுவே, அவள் தன் காதலைச் சொல்லவே இல்லை.” மொட்டுக்குள் இருக்கும் புழுவைப்போல அந்த மறைப்பு அவள் கன்னத்தைத் தின்றது, துக்கத்தைப் பார்த்துப் புன்னகைக்கும் பொறுமையின் சிலையாக உட்கார்ந்திருந்தாள் என்கிறாள். நான் அதைத் தழுதழுத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தேன். வாத்தியார் கையை ஓங்கிவிட்டார். “சொல்ல முடியாதவளுக்குக் குரல் ஏதுடா? கைதான் பேசும். கைக்கு ஒரு வேலை குடு.” பிரபு குடித்து வைத்த கோப்பையைத் துணியால் துடைத்துக்கொண்டே சொல்லச் சொன்னார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடை என்றார். விழா அன்று அப்படியே செய்தேன். விசிலடித்த அதே கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை.

ஒரே ஒரு வருத்தம். அந்தோனியோ என்று ஒரு கப்பல்காரர் வருவார். செபாஸ்டியனைக் கடலிலிருந்து காப்பாற்றி, அவன்மேல் உயிரையே வைத்து, தன்னைப் பிடிக்கக் காத்திருக்கும் ஊருக்குள் அவன் பின்னாலேயே வருவார். பணப்பையையும் கொடுத்துவிடுவார். அவர் அன்பைச் சொல்லும் வரிகளை எல்லாம் எங்கள் கல்லூரியில் வெட்டிவிட்டார்கள். ‘ஆம்பளை ஆம்பளைகிட்ட இப்படிப் பேசறது நல்லா இல்லை’ என்றார்கள். பணப்பை மட்டும் மிஞ்சியது. மூலத்திலும் இரட்டையர் சேர்ந்த பிறகு அந்தோனியோவுக்கு ஒரு வசனமும் இல்லை. எல்லோரும் ஜோடி சேரும்போது அவர் சும்மா நிற்கிறார். நாற்பது வருடமாகிறது, அந்த வெட்டுக்கு எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

தேம்ஸ் வக்கீல்

வேலை விஷயமாக லண்டனில் மிடில் டெம்பிள் மண்டபத்துக்குள் போயிருக்கிறேன். வக்கீல்களின் பழைய சாப்பாட்டுக் கூடம், தலைக்கு மேலே பெரிய பெரிய ஓக் உத்தரங்கள். 1602 பிப்ரவரி 2 அன்று இந்த நாடகம் நடந்தது அங்கேதான். ஜான் மானிங்காம் என்ற சட்ட மாணவர் பார்த்துவிட்டு நாட்குறிப்பில் எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. லண்டன் பொதுமேடையில் பெண்கள் நடிக்க வந்தது 1660இல்தான். ஆகவே அன்றைய வயோலா, ‘மேடைப் பழசு’ ஐயாவைப்போல ஒரு பையன். நானூறாவது ஆண்டில், 2002இல், அதே மண்டபத்தில் முழுக்க ஆண்களை வைத்தே மறுபடி போட்டார்கள். மார்க் ரைலன்ஸ் ஒலிவியா வேஷம் கட்டினார்.

எனக்கு உறைத்தது வேறொன்று. மானிங்காம் தன் குறிப்பில் ஒலிவியாவை ‘விதவை’ என்று எழுதியிருக்கிறார். அவள் கல்யாணமே ஆகாதவள், அண்ணனுக்காகத் துக்கம் காப்பவள். கறுப்பு உடுத்தி, முகத்திரை போட்டு, ஆண் துணை இல்லாமல் வீட்டை நிர்வகிக்கிற பெண் என்றால் புருஷனை இழந்தவளாகத்தான் இருக்கவேண்டும் என்று அந்தப் படித்த இளைஞர் நினைத்திருக்கலாம் என்பது என் ஊகம். என் சித்தி முப்பது வயதில் தனியாக மில் நடத்தியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரையும் புது ஆட்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

மேடைப் பழசு

வக்கீலம்மா, நீங்கள் சொன்னதும் தூக்கிவாரிப் போட்டது. கதை சொன்ன அன்றைக்கே வாத்தியார் என்னைக் கேட்ட முதல் கேள்வி, “அந்த அம்மா தாலி அறுத்தவளா?” என்பதுதான். இல்லை என்றேன். “அப்ப நிமிர்ந்து உக்காரச் சொல்லு அந்தப் பையனை” என்றார், ஒலிவியாவாக நடித்தவனைப் பார்க்காமலேயே.

இன்னொன்றும் நினைவு வருகிறது. விழா அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். உண்மை எல்லாம் வெளியாகிக் கல்யாணப் பேச்சும் முடிந்துவிட்டது. அவர் காலத்து நாடகமாக இருந்தால் கதாநாயகி பட்டுச்சேலையில் வந்து நின்ற பிறகுதான் மங்களம் பாடுவார்கள். வயோலா அப்படிப் பெண் உடையில் வருவதில்லை. அவளுடைய பெண் உடை கப்பல் தலைவன் வசம் இருக்கிறது, அந்த ஆளை மல்வோலியோ வழக்குப் போட்டு உள்ளே தள்ளியிருக்கிறார். ஆர்சினோ அவளை அப்போதும் சிசாரியோ என்றுதான் கூப்பிட்டு அழைத்துப்போகிறார்.

படுதா விழுந்ததும் வாத்தியார் மேடைக்குப் பின்னால் வந்தார். கையில் மஞ்சள்பை. உள்ளே, அரக்கு பார்டர் போட்ட ஒரு பழைய சேலை, மடிப்புக் கலையாமல். வள்ளிக்குக் கட்டியதாம். கடைசிக் காட்சிக்கு வேண்டியிருக்குமே என்று கொண்டுவந்திருக்கிறார். நாடகத்தில் அது இல்லை தாத்தா என்று சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றார். “அவ பேரைச் சொல்லியாவது கூப்பிட்டிருக்கலாம் அவன்” என்று சொல்லிவிட்டு, பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.