799 ரூபாய்க்கு "லைஃப்டைம்" போட்டோஷாப் வாங்கலாமா?

கலா_சாத்தூர்:

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கடைத் திறப்பு விழா பிளெக்ஸ் எல்லாம் டிசைன் பண்ணி சிவகாசியில பிரஸ்ஸுக்கு அனுப்புறேன். இவ்வளவு நாளும் அத்தான் கடை சிஸ்டத்துலதான் வேலை. இப்ப வீட்டுலயே தனியா ஆரம்பிக்கிறதுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் எடுத்திருக்கேன். ஒரு ஆபீஸ்ல இருந்து கழிச்சுவிட்ட பிராண்டட் சிஸ்டம், விண்டோஸ் போட்டே கொடுத்தாங்க.

சாஃப்ட்வேர் தேடினா ஆன்லைன்ல இப்படி வருது: போட்டோஷாப் 2024 லைஃப்டைம் 799 ரூபாய், ஆபீஸ் 2021 புரொஃபஷனல் பிளஸ் 449, விண்டோஸ் 11 புரோ 399. எல்லாத்துலயும் "100% ஒரிஜினல்"னு போட்டிருக்கு, நாலு ஸ்டாருக்கு மேல ரேட்டிங். காசு கொடுத்து வாங்குறப்ப அது எப்படி திருட்டு காப்பி ஆகும்? அதே சமயம் இவ்வளவு மலிவா எப்படித் தர்றாங்கன்னும் உறுத்துது. நேர்மையா பண்ணணும்னு ஆசை. மாசாமாசம் பெரிய தொகை கட்டுற நிலைமையில இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செல்வம்_சர்வீஸ் (கோவில்பட்டி):

சகோதரி, வாங்குறதுக்கு முன்னாடி கேட்டீங்க, நல்லது. எங்கிட்ட வர்ற பாதிப் பேர் வாங்கி மாட்டிக்கிட்ட பிறகுதான் சிபியூவைத் தூக்கிட்டு வர்றாங்க.

மூணுல போட்டோஷாப்புக்குப் பதில் சொல்றது சுலபம். அடோபி ஒரே தடவை காசு கட்டி வாங்குற மாதிரி வித்த கடைசி போட்டோஷாப் 2012-ல வந்த சிஎஸ்6. 2013-ல இருந்து புதுசு எல்லாமே சந்தாதான். அப்படின்னா "போட்டோஷாப் 2024 லைஃப்டைம்"ங்கிற சரக்கைக் கம்பெனியே தயாரிக்கல. தயாரிக்காத ஒண்ணை ஒருத்தர் விக்கிறார்னா வேற விசாரணையே வேண்டாம். ஆட்டோகேடும் அப்படித்தான், 2016-லேயே நிரந்தர லைசன்ஸ் விக்கிறதை நிறுத்திட்டாங்க.

ஆர்டர் போட்டா என்ன வரும்னு சொல்றேன். பெட்டி வராது. வாட்ஸ்அப்ல ஒரு டிரைவ் லிங்க், கூடவே ஒரு பிடிஎஃப். அதுல முதல் வரியே "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணவும்". அடுத்தது "நெட்டைத் துண்டிக்கவும்". அப்புறம் ஒரு பேட்ச் ஃபைலை அட்மின் உரிமையில ஓட்டச் சொல்வாங்க. அப்படிப் போட்ட சிஸ்டத்துல சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசின்னு உள்ள போய் ஹோஸ்ட்ஸ்ங்கிற ஃபைலை நோட்பேடுல திறந்து பாருங்க. அடோபியோட ஆக்டிவேஷன் சர்வர் முகவரிகளை வரிசையா எழுதி, ஒவ்வொண்ணுக்கு முன்னாடியும் 127.0.0.1னு போட்டிருக்கும். அந்தச் சர்வரைக் கேட்டா, வெளிய போகாம உங்க சிஸ்டமே தன்னைத்தானே கேட்டுக்கணும்னு அர்த்தம். காசு கட்டி வாங்கின சாஃப்ட்வேர் எதுக்கு அதைச் செஞ்ச கம்பெனிகிட்டயே பேசாம ஒளியணும்?

ஆபீஸ் கொஞ்சம் சிக்கல், ஏன்னா அவங்க தர்ற கீயை, அதாவது ஆக்டிவேட் பண்ற நம்பரைப் போட்டா நிஜமாவே வேலை செய்யும். "புரொஃபஷனல் பிளஸ்"ங்கிற பதிப்பு தனி ஆளுக்குக் கடையில விக்கிறது இல்ல, கம்பெனிகளுக்கு மொத்தமா கொடுக்கிறது. வீட்டுக்கும் சின்ன தொழிலுக்கும் உள்ள பதிப்புகளுக்குப் பேரே வேற. ஏதோ ஒரு நிறுவனம் தன் சிஸ்டங்களுக்கு வாங்கின மொத்தக் கீயை அங்கிருந்து யாரோ எடுத்து ஆளுக்கு 449னு விக்கிறாங்க. வாடகைக்கு இருக்கிறவர் வீட்டை வித்த மாதிரி. சாவி கதவைத் திறக்கும், பத்திரம் உங்க பேர்ல இருக்காது.

அந்தக் கீயோட எண்ணிக்கை தீர்ந்துட்டா, ஸ்கிரீன்ல வர்ற 63 இலக்க இன்ஸ்டாலேஷன் ஐடியை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வாங்க, பதிலுக்கு 48 இலக்கம் ஒண்ணு வரும். போன் வழியா ஆக்டிவேட் பண்ணுற முறை அது. விக்கிறவர் அதைத் தன் கையில வச்சுக்கிட்டு உங்களுக்காகப் பண்ணித் தர்றார்னா, அங்கேயே நிறுத்திக்கங்க.

இன்னொரு வகை உண்டு, இதுதான் எனக்கு ரொம்பக் கவலை. கீ கிடையாது, யூசர் பேரும் பாஸ்வேர்டும் தருவாங்க. "5 சிஸ்டம், ஆயுள் முழுக்க, 1 டிபி இடம்"னு சொல்வாங்க. அந்த அக்கவுண்ட் எங்கேயோ இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்கோ கம்பெனிக்கோ சொந்தமான இடத்துல திறந்தது. அங்க அட்மினா இருக்கிறவர் உங்க பாஸ்வேர்டை மாத்தலாம், நீங்க வைக்கிற ஃபைலைத் திறந்து பார்க்கலாம், ஒரு நாள் மொத்தமா அழிச்சும் விடலாம். பத்திரிகை அடிக்க வர்றவங்க குடும்பப் பேர், மண்டபம், போன் நம்பர் எல்லாம் அதுலதான் இருக்கும்.

விண்டோஸை வாங்கவே வேண்டாம், பொறுங்க. ஆபீஸ்ல இருந்து வந்த பிராண்டட் சிஸ்டம்னு சொன்னீங்க. விண்டோஸ் 8 காலத்துல இருந்து, கம்பெனியே போட்டுக் கொடுக்கிற விண்டோஸ் கீ மதர்போர்டுக்குள்ளயே பதிஞ்சிருக்கும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினா திறந்து எஸ் எல் எம் ஜி ஆர், ஒரு இடைவெளி, ஸ்லாஷ், டி எல் ஐன்னு அடிங்க. சின்னப் பெட்டி ஒண்ணு வரும். அதுல சேனல்னு இருக்கிற இடத்துல ஓஇஎம் டிஎம்னு இருந்தா, மெஷினோட வந்த ஒரிஜினல். வால்யூம் கேஎம்எஸ் கிளையண்ட்னு இருந்தா, வித்தவர் ஏதோ ஆக்டிவேட்டர், அதாவது லைசன்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் பண்ணிக் காட்டுற புரோகிராம் ஓட்டியிருக்கார்னு வைங்க. அந்த முறை ஒரு நிறுவனத்துக்குள்ள ஓடுற சர்வரை நம்பி இருக்கிறது. ஒரு தடவை ஆக்டிவேட் ஆனா 180 நாள்தான், அதுக்குள்ள சர்வரைப் பார்த்துப் புதுப்பிக்கணும். வீட்டு சிஸ்டத்துக்கு அது எங்கிருந்து வரும்? கடைசியில எக்ஸ் பி ஆர்னு மாத்தி அடிச்சா நிரந்தரமா, தேதி இருக்கான்னு காட்டும். பார்த்துட்டு எழுதுங்க.

முகில்87:

செல்வம் அண்ணா சொல்றது சரிதான், ஆனா நடைமுறையைப் பாருங்க. எந்த டிடிபி சென்டருக்குப் போனாலும் பேஜ்மேக்கரும் கோரலும் காப்பிதான். சின்னக் கடையில யார் வந்து பிடிக்கப் போறாங்க? அதுவும் இல்லாம பழைய கம்பெனி லைசன்ஸை மறுபடி விக்கிறது ஐரோப்பாவுல சட்டப்படி செல்லும்னு படிச்சேன்.

வரவுசெலவு_சுந்தரி:

முகில் தம்பி, நீங்க படிச்சது 2012-ல ஆரக்கிள் வழக்குல ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. அதுலயே ரெண்டு நிபந்தனை இருக்கு. விக்கிறவர் தன்கிட்ட இருக்கிற காப்பியைப் பயன்படுத்த முடியாதபடி ஆக்கிடணும். மொத்தமா வாங்கின லைசன்ஸைக் கூறு போட்டு ஒண்ணு ஒண்ணா விக்கக் கூடாது. 449 ரூபாய்க் கீ இந்த ரெண்டுலயும் அடிபடுது. தவிர அது அங்கத்த தீர்ப்பு.

நம்ம ஊர்ல 1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63பி. திருட்டு காப்பின்னு தெரிஞ்சே கம்ப்யூட்டர்ல பயன்படுத்தினா குறைஞ்சது 7 நாள்ல இருந்து 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தலன்னா கோர்ட் சிறை இல்லாம 50,000 வரைக்கும் அபராதத்தோட விடலாம். கலா பண்றது தொழில். அந்தச் சலுகை அவங்களுக்குக் கிடைக்காது. நான் சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுறவ. பில் இல்லாத சாஃப்ட்வேரைச் செலவுக் கணக்குல எப்படிக் காட்டுறதுன்னு வருஷா வருஷம் யாராவது வந்து நிக்கிறாங்க.

செல்வம்_சர்வீஸ் (கோவில்பட்டி):

முகில், பிடிக்க வர்ற ஆளை விடுங்க. கிராக்கோட, அதாவது லைசன்ஸ் பூட்டை உடைக்கிற அந்த பேட்ச் மாதிரி ஃபைலோட உள்ள வர்றது எது தெரியுமா? ஸ்டாப் டிஜாவுன்னு ஒரு ரான்சம்வேர், ஃபைலை எல்லாம் பூட்டி வச்சுப் பணம் கேட்கிற வைரஸ். அது பரவினதே பெரும்பாலும் கிராக், கீஜென் (போலி கீ உருவாக்குறது), ஆக்டிவேட்டர் வழியாத்தான். எங்க பக்கத்து ஊர் போட்டோ ஸ்டுடியோ ஒண்ணுல இது நுழைஞ்சது. டெலிவரி கொடுக்காத கல்யாண ஆல்பம் அத்தனையும் அந்த ஒரு ஹார்டு டிஸ்க்ல. ஒவ்வொரு போட்டோ பேருக்குப் பின்னாடியும் நாலெழுத்து ஒட்டிக்கிட்டு நிக்குது, ஒண்ணும் திறக்கல. ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒரு ரீட்மீ: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள்ள வந்தா 490. எம்சிசாஃப்ட்ங்கிற ஆன்டிவைரஸ் கம்பெனி 2019-ல அந்தப் பூட்டைத் திறக்கிற இலவச டிகிரிப்டர் விட்டாங்க, இந்த வைரஸோட 148 வகைக்கு. பழைய வகைன்னா மீட்க வாய்ப்பு உண்டு. இவருக்கு வந்தது அதுக்குப் பிந்தின வகை, பூட்டின கீயும் திருடனோட சர்வர்ல இருக்கிற ஆன்லைன் கீ வேற. பொண்ணு வீட்டுக்காரங்க வந்து கடை வாசல்ல நின்னதை நான் பார்த்தேன். தாலி கட்டுறதை மறுபடி எடுக்க முடியுமா?

ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொன்ன அந்த ஒரு வரிக்கு நாம கீழ்ப்படிஞ்சா மத்தது தானா நடக்கும். என்னோட கோபம் எல்லாம் அந்த வரி மேலதான்.

பிரஸ்_மீனா (சிவகாசி):

கலா, உங்க வேலைக்குக் காசே செலவழிக்காம வழி இருக்கு. நான் ப்ரீ-பிரஸ்ல, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஃபைலைத் தயார் பண்ற இடத்துல இருக்கேன், உங்களை மாதிரி ஆளுங்க அனுப்புற ஃபைலைத்தான் தினமும் திறக்கிறேன். பத்திரிகை வரைய இங்க்ஸ்கேப். பக்கம் கோர்த்து சிஎம்ஒய்கே (அச்சு மை நாலு நிறம்) பிடிஎஃப் எடுக்க ஸ்கிரைபஸ். போட்டோ கட் பண்ண கிம்ப். எழுத்து வேலை, ரேட் லிஸ்ட்டுக்கு லிப்ரே ஆபீஸ். ஸ்கிரைபஸ் எடுத்தா 1.6 இல்ல அதுக்கு மேல எடுங்க. பழைய 1.4-ல கொம்பும் காலும் இடம் மாறி விழும். இங்க்ஸ்கேப் ஆர்ஜிபியில, அதாவது திரைக்கான நிற முறையிலதான் வேலை செய்யும், அதனால கடைசி பிடிஎஃப் ஸ்கிரைபஸ்ல இருந்து வரட்டும். மஞ்சள், சிவப்பு திரையில தெரியுற மாதிரி பேப்பர்ல வராது, முதல் வேலைக்கு ஒரு புரூஃப் அடிச்சுப் பாருங்க.

யாரும் சொல்லாத ஒண்ணு, ஃபான்ட். பென்டிரைவ்ல ஊர் சுத்துற 500 தமிழ் ஃபான்ட் மூட்டையும் காப்பிதான். ஒரு தமிழ் எழுத்துருவுக்கு ஒருத்தர் மாசக்கணக்குல உட்கார்ந்து வரைஞ்சிருப்பார். அவருக்கு நம்ம தொழில்ல இருந்து ஒரு ரூபாய் போனதில்லைங்கிறது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கூகுள் ஃபான்ட்ஸ்ல கவிவனார், மீரா இனிமை, கட்டமரன், பவனம், அரிமா, பாலூ தம்பி எல்லாம் தொழிலுக்கும் பயன்படுத்துற உரிமத்தோட இலவசமா இருக்கு. யூனிகோடுங்கிறதால பாமினி டைப்பிங்கை மாத்திக்கணும், முதல் வாரம் கை தடுமாறும். பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது எழுத்தைப் பாத், அதாவது வெறும் கோட்டு வடிவமா ஆக்கி அனுப்பிடுங்க, எங்க சிஸ்டத்துல அந்த ஃபான்ட் இல்லாட்டியும் கலையாது.

கலா_சாத்தூர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. செல்வம் அண்ணா, நீங்க சொன்னதை அடிச்சுப் பார்த்தேன், ஓஇஎம் டிஎம்னுதான் காட்டுது, நிரந்தரமா ஆக்டிவேட் ஆகியிருக்குன்னும் வந்துச்சு. 399 மிச்சம்! மீனா அக்கா, இங்க்ஸ்கேப்ல ஒரு காதுகுத்துப் பத்திரிகை போட்டுட்டேன், நாளைக்கு அனுப்புறேன்.

ரெண்டு கேள்வி. பின்னாடி வசதி வந்து ஏதாவது காசு கொடுத்து வாங்கினா, எங்க, எப்படிப் பார்த்து வாங்கணும்? என் சித்தி பொண்ணு ஏற்கெனவே அந்த ஆபீஸ் அக்கவுண்ட்டை வாங்கிட்டா, அவ என்ன பண்ணணும்?

செல்வம்_சர்வீஸ் (கோவில்பட்டி):

வாங்குறதுன்னா முதல்ல அந்தக் கம்பெனியோட சொந்தத் தளத்துக்குப் போங்க. அங்கேயே வாங்கலாம், இல்லாட்டி அங்க போட்டிருக்கிற அங்கீகரிக்கப்பட்ட டீலர் பட்டியல்ல இருக்கிறவர்கிட்ட வாங்கலாம். ஷாப்பிங் தளத்துல வாங்கினா தளத்தோட பேரை நம்பாதீங்க, "விற்பவர்"னு கீழ சின்னதா இருக்கிற பேரைப் பாருங்க. ஜிஎஸ்டி எண் உள்ள பில் தர்றாரான்னு ஆர்டருக்கு முன்னாடியே கேளுங்க, அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்துல போட்டா யார்னு வந்துடும். லைசன்ஸ் உங்க மெயில்லயே பதிவாகணும். வாங்கின பொருளோட பேர் கம்பெனி தளத்துல இருக்கிற பேரோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். ஸ்டார் ரேட்டிங்ல அர்த்தமில்ல, கீ அன்னைக்கு வேலை செஞ்சதுமே ஜனங்க அஞ்சு ஸ்டார் போட்டுடுறாங்க.

இன்னொண்ணு, உங்க சிஸ்டம் விண்டோஸ் 10-ன்னா அதுக்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சது. இன்டெல் 8-ம் தலைமுறை இல்ல அதுக்கு மேல உள்ள பிராசசரும், டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப்பும் இருந்தா 11-க்கு இலவசமா மாறலாம், செட்டிங்ஸ்ல அப்டேட் பக்கத்துல காட்டும்.

சித்தி பொண்ணுகிட்டச் சொல்லுங்க: முதல்ல அந்த ஒன்டிரைவ்ல, அதாவது அந்த அக்கவுண்ட்டோட தந்த ஆன்லைன் இடத்துல இருக்கிற ஃபைலை எல்லாம் தன் ஹார்டு டிஸ்க்குக்கு இறக்கிக்கட்டும். அப்புறம் அந்த அக்கவுண்ட்ல இருந்து வெளியேறி ஆபீஸை அன்இன்ஸ்டால் பண்ணிடலாம். அந்தப் பாஸ்வேர்டை வேற எங்கயாவது போட்டிருந்தா இன்னைக்கே மாத்தணும். பணத்தைத் திருப்பிக் கேட்டு தளத்துக்கு எழுதட்டும், ஸ்கிரீன்ஷாட்டோட. ஒத்துக்கலைன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். ஃபைல் இறக்குற வேலையை மட்டும் தள்ளிப் போட வேண்டாம், இன்னைக்கு ராத்திரியே முடிக்கச் சொல்லுங்க.